விலை ஏறும் நேரத்துப் பேச்சு

மின்சாரம் விற்க வந்த பையன் செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்துவிட்டான், அதனால்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று ஆறாம் மாடியில் ஒரு கட்சி சொன்னது; இல்லை, வந்தவன் தண்ணீர் கேட்க தமயந்தி கோப்பி கொடுத்தாள் பாருங்கள், அங்கேதான் ஆரம்பம் என்று லிஃப்டுக்கு அந்தப் பக்கத்துக் கட்சி சொன்னது; தாரிகாவைக் கேட்டால் இரண்டும் இல்லை என்பாள், அம்மா அன்றைக்கு முறுக்கு பிழிந்த எண்ணெய்க் கையோடு அவன் நீட்டிய திரையில் கையெழுத்துப் போட்டாள், செண்பகம் என்று எழுதப்போன விரல் வழுக்கிக்கொண்டு திரையின் விளிம்பு வரைக்கும் போய், பேரில் பாதி திரையிலும் மீதிப் பாதி வெளியே எங்கேயோவும் கொட்டிவிட்டது, கொட்டின இடத்தில் என்ன முளைக்கும் என்று யாருக்குத் தெரியும் என்பாள்.

ஈசூன் பக்கத்து அடுக்குமாடிகளில் அந்த மாதம் முழுக்க இப்படிப் பையன்கள் கழுத்தில் அட்டை தொங்கக் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். யாரிடம் வேண்டுமானாலும் மின்சாரம் வாங்கலாம், எந்தத் திட்டத்தில் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று ஆகிவிட்டிருந்தது, வருவது என்னவோ அதே கம்பியில் அதே மின்சாரம்தான். இந்தப் பையன் சோபா நுனியில் உட்கார்ந்து, மனப்பாடம் பண்ணினதை மூச்சு விடாமல் ஒப்பித்தான்.

"மூணு திட்டம் இருக்கு ஆன்டி. முதல் திட்டத்துல எந்த நேரமும் ஒரே விலை ஆன்டி, ரொம்ப சேஃப். ரெண்டாவதுல ஊர் விலை ஏறினா ஏறும், இறங்கினா இறங்கும் ஆன்டி. மூணாவதுதான் ஆன்டி சூப்பர். நேரத்துக்கு நேரம் விலை. சாயங்காலம் நாலுலேர்ந்து எட்டு வரைக்கும் உச்சம், மத்த நேரமெல்லாம் தள்ளுபடி ஆன்டி."

"அந்த நாலு மணி நேரத்துலதானேப்பா இந்த வீடே முழிச்சுக்கிட்டு இருக்கும்?" என்றாள் அம்மா. அப்பா பஸ் ஓட்டுகிறவர், சாயங்கால ஷிஃப்ட். அவர் வருவதற்குள் ஒன்பது ஆகிவிடும். அதுவரைக்கும் வீட்டில் சட்டம் இயற்றுவதும் தண்டனை கொடுப்பதும் அம்மாதான். "இவ கம்ப்யூட்டர், என் அடுப்பு, தமயந்தியோட தையல் மெஷின், அயர்ன்... எல்லாம் அப்பத்தான்."

தமயந்தி அப்பாவின் தங்கை, தாரிகாவுக்கு அத்தை, நாற்பத்துமூன்று வயது, அந்த புளோக்கில் பாதிப் பேர் போட்டிருக்கும் பிளவுஸ் அவள் தைத்தது. அவள் ஊசியில் நூல் கோத்தபடியே, ஏதோ வானிலை பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னாள். "நான் காலையில தைச்சுக்கறேன் அண்ணி. சாயங்காலம்தான் எனக்கு டிரைவிங் கிளாஸ் இருக்கே."

அம்மா அவளைப் பார்த்தாள். தாரிகாவும் பார்த்தாள். அத்தை டிரைவிங் டெஸ்ட்டில் மூன்று முறை பெயில், மூன்று முறையும் பார்க்கிங்கில். சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டியை இரண்டு தூணுக்கு நடுவே பின்பக்கமாக, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொருகி வைக்கிற பெண்மணி, காரை மட்டும் கோட்டுக்கு வெளியேதான் நிறுத்துவாளாம்.

"அப்ப மூணாவதே இருக்கட்டும்" என்றாள் அம்மா.

பையனுக்கு முகமெல்லாம் பல். "ரொம்ப ஈசி ஆன்டி. நாலுலேர்ந்து எட்டு வரைக்கும் எல்லாத்தையும் அடக்கி வைங்க, எட்டு அடிச்சதும் தாராளமா விடுங்க. பிடிக்கலைன்னா மாசக் கடைசிக்குள்ள போன்லயே மாத்திக்கலாம்."

அம்மா கையெழுத்துப் போட்டாள், எண்ணெய்க் கையோடு.

மறுநாள் சாயங்காலம் அம்மா சமையலறையில் நின்று, "தட்டைக் கழுவி வைன்னு சொன்னா இப்படித்தான் கவுத்—" என்று தாரிகாவைத் திட்டிக்கொண்டிருந்தபோது மணி நான்கு ஆனது. வாய் அசைந்தது, கை ஆடியது, கரண்டி கூரையைக் காட்டியது, குரல் மட்டும் வரவில்லை. தாரிகா வாயைத் திறந்தாள், அவளுக்கும் வரவில்லை. குழாய் கொட்டியது கேட்டது, விசிறி சுற்றியது கேட்டது, குக்கர் கூவியது கேட்டது. மனுஷக் குரல் மட்டும் அந்த வீட்டின் வாசற்படிக்குள்ளே எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. காரிடாரில் கால் வைத்தால் வந்தது, உள்ளே வந்தால் போனது. அம்மா இரண்டு முறை போய்வந்து பார்த்துவிட்டு, தோளைக் குலுக்கிக்கொண்டு சாம்பாருக்குப் பருப்பைக் கடையப் போனாள்.

எட்டு மணி ஆனபோது மூன்று பேரும் ஹாலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆளில்லாத சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் புறப்பட்டது: "—துப் போட்டு வெப்பியா? உன் வயசுல நான் ஒரு குடும்பத்துக்கே சமைச்சேன்டி!" அதன் பிறகு தாரிகாவின் குரல், "அம்மா, உன் சத்தம் வரல", அதன் பிறகு அத்தை அறைக்குள்ளிருந்து, "அண்ணி, என் கத்தரிக்கோலைப் பார்த்தீங்களா?" எல்லாம் வரிசையாக, பேசின இடத்திலிருந்தே, நடுவிலிருந்த சும்மாக்களை எல்லாம் விட்டுவிட்டு வந்தன. நான்கு மணி நேரப் பேச்சில் சும்மாக்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பிடிதான் என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

அம்மா கையில் பிசைந்த சோற்றோடு முழுவதையும் கேட்டு முடித்தாள். "சரியாத்தான் பேசியிருக்கேன்" என்றாள்.

அடுத்த நாள் காலையில் கம்பெனிக்குப் போன் போட்டாள். இனிப்பான பெண்குரல் ஒன்று, உங்கள் உச்ச நேரச் சேமிப்பு முழுமையாகச் செயல்படுகிறது, வாழ்த்துகள், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றது. வேண்டாம் என்று வைத்துவிட்டாள். அப்பாவிடம் சொன்னபோது அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "நான் வரும்போதெல்லாம் இந்த வீட்ல சத்தமாத்தானே இருக்கு?" என்றார். அவரைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது.

ஆறாம் மாடிக்கோ அப்போதுதான் ஆரம்பித்தது.

முதலில் வந்தது பக்கத்து வீட்டுப் புவனாவும் அவள் கணவன் ராஜமோகனும். கல்யாணம் ஆகி இரண்டு வருஷம், சண்டை ஆகி இரண்டு வருஷம், சுவர் மெல்லிசு, அந்தக் காரிடாரில் எல்லாருக்கும் அந்தச் சண்டையின் வசனம் மனப்பாடம். "செண்பகம் அக்கா, ஒரு அரைமணி நேரம் உங்க ஹாலை யூஸ் பண்ணிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு இருவரும் உள்ளே போய், டீப்பாய்க்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்று, கழுத்து நரம்பு புடைக்க, மெத்தையைக் குத்திக்கொண்டு, சத்தமே இல்லாமல் போட்டுத் தீர்த்தார்கள். சொன்னது மற்றவருக்குக் கேட்கவில்லை என்பதால் பதில் சொல்ல ஒன்றும் இல்லை, பதில் இல்லாததால் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். எட்டு மணிக்குச் சண்டை வெளியே வந்தபோது, அவர்களே காரிடாரில் நின்று, ஏதோ வேறு ஊர்க்காரர்களின் சண்டை போலக் கேட்டார்கள்.

"நானா உன்னை எருமைன்னு சொன்னேன்?" என்றான் ராஜமோகன்.

"நீதான். அடுத்தது கேளு, நான் உன்னை என்ன சொல்றேன்னு" என்றாள் புவனா, அவன் தோளில் சாய்ந்துகொண்டு.

அப்புறம் மலாய்க்காரி ரொக்கியா வந்தாள், மாடி முழுவதுக்கும் மக்சிக், அதாவது பெரியம்மா. தேக்காவில் ஒரு மீன்தலைக் கறிக் கடையில் இருபது வருஷம் வேலை பார்த்து, தமிழை மசாலா வாசனையோடு கற்றுக்கொண்டவள். அவள் பாடினால் அவள் புருஷன் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். "எனக்குக் கத்திப் பாடணும் லா செண்பகம், யாருக்கும் கேக்கக் கூடாது, ஆனா கொஞ்சம் கேக்கணும்" என்றாள். பால்கனிப் பக்கம் நின்று கண்ணை மூடிப் பாடினாள், எட்டு மணிக்கு அந்தப் பாட்டைத் தானே முதல் தடவையாகக் கேட்டாள், கேட்டு அழுதாள், நல்லாத்தான் லா பாடறேன் என்றாள். முதலாளியைத் திட்ட ஒருவர் வந்தார். தூங்காத குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள், குழந்தை சத்தமில்லாமல் அழுது ஓய்ந்து தூங்கிப்போனது, எட்டு மணிக்குத் தன் அழுகையைத் தானே கேட்டு விழித்துக்கொண்டு மறுபடி அழுதது. அந்தப் பெண் அதன் பிறகு வரவில்லை. அந்தப் பக்கத்து இரண்டு வீட்டுக்காரர்கள் அதே பையனைக் கூப்பிட்டு அதே திட்டத்தில் சேர்ந்தார்கள். அவர்கள் வீட்டில் எல்லாச் சத்தமும் நேரத்துக்குக் கேட்டதால், எங்களை ஏமாற்றிவிட்டீர்கள் என்று கம்பெனிக்குப் புகார் கொடுத்தார்கள்.

கொஞ்ச நாளில் எட்டு மணி என்பது ஆறாம் மாடியில் ஒரு விசேஷம் ஆகிவிட்டது. செருப்புகள் காரிடாரில் வரிசை கட்டும். வாழைக்காய் பஜ்ஜி வரும், மக்சிக் செய்த கொய் என்கிற அரிசிமாவுப் பலகாரம் வரும், ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி வரும். அந்த நேரத்தில் வீட்டுக்காரர்களைத் தவிர யாரும் உள்ளே வரமாட்டார்கள், அது ஒரு மரியாதை. வாசலில் நின்று, அன்றைய பேச்சு வெளியே வருவதைக் கேட்டுவிட்டு, சிரித்துவிட்டு, உச்சுக்கொட்டிவிட்டு, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போவார்கள்.

இப்படி ஒரு வீடு, அதற்குள் தாரிகா மாதிரி ஒருத்தி.

தாரிகாவுக்கு வயது பதினாறு. யார் குரலும் அவளுக்கு அரை நாளில் வந்துவிடும். லிஃப்டில் மாடி சொல்லும் பெண்குரலில், "ஐந்தாவது மாடி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளவும்" என்று சொல்லி முன்பின் தெரியாதவர்களை இழுக்க வைத்திருக்கிறாள். பள்ளியில் பிரின்சிபால் குரலில் ஒரு வகுப்பையே வெளியே அனுப்பிவிட்டு, பிரின்சிபாலின் குரலிலேயே மன்னிப்பும் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு கதவு உண்டு என்பது அவள் கண்டுபிடிப்பு. அம்மாவின் கதவு, திட்டுவதற்கு முன் மூக்கால் இழுக்கும் மூச்சு. மக்சிக்கின் கதவு அந்த "லா". கதவைத் திறந்தால் போதும், மிச்சக் குரல் தானாக உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடும். இந்தக் கலைக்கெல்லாம் முதல் ரசிகை அத்தை. தையல் மெஷினை நிறுத்திவிட்டு, வாயில் குண்டூசிகளோடு, குண்டூசி விழாமல் சிரிக்கத் தெரிந்த ஒரே ஆள்.

விலை ஏறும் நேரத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து யார் குரலில் எதைப் பேசி வைத்தாலும் எட்டு மணிக்கு அது வெளியே வரும் என்றால், தாரிகாவைக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்ல முடியுமா? முதல் நாள் ராஜமோகன் குரல்: "புவனா, நீ சொல்றதுதான் சரி. எப்பவுமே நீ சொல்றதுதான் சரி." காரிடாரே திரும்பிப் பார்த்தது. நான் இதைச் சொல்லவே இல்லை என்று ராஜமோகன் சொல்ல வாயெடுப்பதற்குள் புவனா அவன் தட்டில் இரண்டு பஜ்ஜி வைத்துவிட்டதால், அவன் வாயை பஜ்ஜிக்குப் பயன்படுத்திக்கொண்டான். அடுத்த நாள் மக்சிக், அதற்கடுத்த நாள் முதலாளியைத் திட்ட வந்தவர். எது நிஜம், எது தாரிகா என்று பந்தயம் கட்டுவதும் விசேஷத்தில் ஒரு பகுதி ஆனது.

பிறகு ஒருநாள் தாரிகா மாஸ்டரைத் தொட்டாள்.

மாஸ்டர் கிருபாகரன் நான்காம் மாடி. தன் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிற காரில் டிரைவிங் சொல்லித்தருபவர், அத்தைக்கும் அவர்தான். மனைவி போய் எட்டு வருஷம். முடி நரைத்தும் நரைக்காமலும், சட்டை எப்போதும் இஸ்திரியோடு, பேச்சு எப்போதும் முப்பது கிலோமீட்டர் வேகத்தில். திரும்புவதற்கு முன்னால் சிக்னல் போடணும் என்று மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அது அவர் தொண்டைக்கே போய்விட்டது. எந்த வாக்கியத்துக்கு முன்னாலும் விரல்களை மடக்கி, கை முட்டியை வாய்க்குக் கொண்டுபோய் ஒரு "க்ஹும்" போடாமல் அவர் பேசியதில்லை. "க்ஹும், சாப்பிட்டீங்களா?" "க்ஹும், மழை வரும்போல." தாரிகாவுக்கு அதைவிடச் சுலபமான கதவு அந்த புளோக்கிலேயே இல்லை.

அன்றைக்கு ஐந்து மணிக்கு அத்தை கிளாஸுக்குப் போனதும், தாரிகா ஹால் நடுவில் நின்று, இஸ்திரிச் சட்டை போட்டவள் மாதிரி நிமிர்ந்து, முட்டியை வாய்க்குக் கொண்டுபோனாள்.

எட்டு மணிக்கு ஹாலிலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது. "க்ஹும், தமயந்தி. க்ஹும், நீங்க கியர் மாத்தும்போது என் மனசு நியூட்ரல்ல நிக்கல. க்ஹும், நம்ம ரெண்டு பேரும் ஒரே லாட்ல பார்க் ஆகலாமா?"

காரிடார் வெடித்தது. ராஜமோகன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான். மக்சிக் கொய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். தாரிகாவும் சிரித்தாள், அத்தையின் சிரிப்பைத் தேடித் திரும்பினாள், அத்தையின் முகம் சிரிப்பில் இல்லை. அது கூட்டத்தைத் தாண்டி லிஃப்ட் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே மாஸ்டர் நின்றிருந்தார். அத்தை காரில் மறந்துவிட்ட குடையைக் கொடுக்க வந்தவர். குடையைச் சுவரில் சாய்த்தார். க்ஹும்கூடச் சொல்லவில்லை, படி வழியாக இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த நாள் அத்தை கிளாஸுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. நான்காவது டெஸ்ட்டை ரத்து செய்துவிட்டேன், இந்த வயசுல எனக்கெதுக்கு கார் என்றாள். தாரிகா மன்னிப்புக் கேட்டாள். அத்தை சரி என்றாள். தாரிகா சிரிக்க வைப்பதற்காக லிஃப்ட் பெண்ணின் குரலில் மன்னிப்புக் கேட்டாள், அத்தை அதற்கும் சரி என்றாள், தையல் மெஷின் நிற்கவே இல்லை. மாஸ்டர் ஆறாம் மாடிப் பக்கமே வரவில்லை. கோப்பிக் கடையில் அத்தையைப் பார்த்தால் கோப்பியைப் பாதியில் விட்டு எழுந்து போனார். எட்டு மணி விசேஷம் மட்டும் நடந்துகொண்டிருந்தது, அத்தை அந்த நேரம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாதத்தின் கடைசி நாள் காலையில் அம்மா காரிடாரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். "இன்னையோட சரி. சாயங்காலம் பழைய திட்டத்துக்கே மாத்திடறேன். ஊர்ல இருக்கறவங்க சண்டையெல்லாம் என் வீட்ல கேக்குது, என் வீட்ல தமயந்தி பேசறது மட்டும் கேக்கல."

புவனா கண்ணைக் கசக்கினாள். "அப்ப நாங்க எங்கக்கா சண்டை போடறது?" மக்சிக், கடைசி நாளுக்கு இரண்டு தட்டு கொய் போடறேன் என்றாள். செய்தி மாடி மாடியாக இறங்கி, நான்காம் மாடியையும் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் ஆறரை இருக்கும். அத்தை தைத்த பிளவுஸ்களைக் கொடுக்க அடுத்த புளோக்குக்குப் போயிருந்தாள், அம்மா கடைக்குப் போயிருந்தாள். தாரிகா சோபாவில் கவிழ்ந்து படுத்திருந்தபோது திறந்த கதவில் மாஸ்டர் வந்து நின்றார். அவளைப் பார்த்தார். போகப் பார்த்தார். போகவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வாசற்படிக்கு உள்ளே ஒரே ஓர் அடி வந்து, செருப்பு அலமாரிப் பக்கம் நின்று, அத்தையின் அறைக்கதவைப் பார்த்துப் பேசினார். கொஞ்சம்தான். தாரிகா எழுந்து உட்கார்ந்தாள். குரல் கேட்காத அந்த நேரத்தில் அவள் பார்த்தது கைகளை மட்டும்தான். இரண்டும் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன, ஒன்றுகூட வாய்க்குப் போகவில்லை. பேசி முடித்ததும், ஏதோ பாத்திரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி மூச்சு விட்டார், செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினார். காருக்குள் சொன்னால் சொன்ன உடனே கேட்டுவிடும். இந்த ஊரில், சொல்லிவிட்டு ஓடிப்போக அவகாசம் கொடுக்கும் வீடு இது ஒன்றுதான், அதுவும் இன்றைக்கு மட்டும்தான்.

அம்மா காய்கறிப் பையோடு வந்தபோது மணி ஏழரை. பையை வைத்தாள், உட்கார்ந்தாள், போனை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திட்டத்தை மாற்றும் இடத்தைத் தேட ஆரம்பித்தாள். தாரிகா சோபாவிலிருந்து எழுந்தாள். இப்போதே மாற்றிவிட்டால், உள்ளே உட்கார்ந்திருக்கிற பேச்செல்லாம் என்ன ஆகும்? வெளியே வருமா, அப்படியே போய்விடுமா? யாருக்கும் தெரியாது, கம்பெனிக்கே தெரியாது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காரிடாருக்கு ஓடினாள்.

"அம்மா, எட்டு மணி வரைக்கும் மாத்தாத."

"ஏன்டி?"

"மாஸ்டர் வந்து அத்தைக்கு என்னவோ சொல்லிட்டுப் போயிருக்காரு."

"என்ன சொன்னாரு?"

"எனக்கெப்படித் தெரியும், கேக்கலை இல்ல!"

அம்மா மூக்கால் மூச்சை இழுத்தாள். "லிஃப்ட் குரல்ல பேசி என்னை மேலயும் கீழயும் அலைய வெச்சவதானே நீ?"

"சத்தியமாம்மா."

"யார் மேல சத்தியம்? யார் குரல்ல சத்தியம்?"

தாரிகா சும்மா நின்றாள். அவள் சும்மா நின்று அம்மா பார்த்ததே இல்லை, அதனால் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டாள். "எட்டு மணி. பொய்யா இருந்துச்சு, உன் போன் என் பீரோவுக்குள்ள போயிடும்."

அத்தை திரும்பி வந்தாள். காரிடாரில் நாற்காலிகள் நிறைந்தன, கடைசி நாள் என்று கீழ்மாடிக்காரர்களும் வந்திருந்தார்கள். அத்தை அறைக்குள் போகப் பார்த்தபோது அம்மா கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். எட்டு ஆனது. புவனாவும் ராஜமோகனும் கடைசியாகப் போட்ட சண்டை வந்தது, அதற்குக் கைதட்டல். மக்சிக்கின் பாட்டு வந்தது, அதற்கு இன்னும் பெரிய கைதட்டல். பிறகு செருப்பு அலமாரிப் பக்கத்திலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது.

"தமயந்தி, நீங்க பாஸ் பண்ணினதும் ஒரு கார் வாங்குவீங்க. அதுல என் பக்கம் பிரேக் இருக்காது. பரவாயில்லை. நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உட்கார்ந்து வரேன். எங்க போறோம்னுகூடக் கேக்க மாட்டேன்."

விசில் பறந்தது. "தாரிகா! போன தடவையை விட சூப்பர்டி!" என்று ராஜமோகன் கத்தினான். கூட்டமே அவளைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. அத்தையும் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாரிகா தாங்கியிருப்பாள். அத்தை எழுந்து அறைக்குள் போனாள், கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

"நான் இல்ல! அது நிஜ மாஸ்டர்!"

"மாஸ்டரேதான், அச்சு அசல்" என்றாள் புவனா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஐயோ, நான் பண்ணினா இப்படி இருக்காது, கேளுங்க!" என்று தாரிகா நிமிர்ந்து நின்றாள், கை முட்டி வாய்க்குப் போனது. "க்ஹும், தமயந்தி, நீங்க பாஸ் பண்ணினதும்—" காரிடார் மறுபடி குலுங்கியது. பார்த்தியா, அதே குரல், அதே ஆள். தாரிகா கையைக் கீழே இறக்கினாள். அத்தனை குரல்கள் வைத்திருந்தும், நான் இல்லை என்று சொல்ல ஒன்றும் உதவவில்லை.

அறைக்கதவு திறந்தது. அத்தை வாசலில் நின்றாள், கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

"அத்தை, சத்தியமா—"

"சொல்லுன்னு சொன்னேன். ஆனா அந்தக் க்ஹும் இல்லாம சொல்லு."

தாரிகா வாயைத் திறந்தாள். "தமய—" வந்தது தன் குரல். மறுபடி முயன்றாள், ராஜமோகன் குரல் வந்தது. கண்ணை மூடி, மாஸ்டரின் சட்டையை, நரையை, வேகத்தை எல்லாம் நினைத்துக்கொண்டு மூன்றாம் முறை முயன்றாள், கை தானாக எழுந்து, "க்ஹும்" என்று வந்துவிட்டது. அந்தக் கதவு வழியாகத்தான் அவளுக்கு உள்ளே போகத் தெரியும். கதவே இல்லாமல் அந்தக் குரலுக்குள் இருக்கக்கூடியவர் ஒருவர்தான்.

"வரலை அத்தை" என்றாள்.

"வராது" என்றாள் அத்தை. உதடு ஓரத்தில், குண்டூசி விழாத அந்தச் சிரிப்பு ஆரம்பித்தது. "மனுஷன் சிக்னல் போடாம திரும்பிட்டாரு."

அளவு நாடாவைக் கழற்றி தாரிகாவின் கழுத்தில் போட்டுவிட்டு, கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு அத்தை கூட்டத்துக்கு நடுவே நடந்தாள், கூட்டம் நாற்காலியோடு ஒதுங்கியது. அவள் மாட்டிப்போனது மக்சிக்கின் செருப்பு. மக்சிக், போகட்டும் லா, போகட்டும் என்றாள். லிஃப்ட் கதவு மூடியதும் அத்தனை பேரும் கைப்பிடிச் சுவருக்கு ஓடி, தலையை வெளியே நீட்டினார்கள். கார்ப்பார்க்கில், மேலே எல் போர்டு வைத்த வெள்ளைக் காரில், விளக்குப் போடாமல், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

அத்தை போய்க் கண்ணாடியைத் தட்டினாள், ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியை. என்ன பேசினார்கள் என்று ஆறாம் மாடிக்குக் கேட்கவில்லை. எட்டு மணிக்கு மேல் ஆகியும் கேட்கவில்லை, அது அவர்களுடையது. மாஸ்டர் இறங்கினார், காரின் முன்னால் சுற்றி வந்து, மறுபக்கம் ஏறினார். அத்தை உட்கார்ந்து, இருக்கையை இழுத்து, கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். கார் புறப்பட்டு, கார்ப்பார்க்கை ஒரு சுற்றுச் சுற்றி, லாரிக்கும் தூணுக்கும் நடுவே இருக்கும் ஒரு குறுகலான லாட்டுக்கு முன்னால் வந்து நின்றது. அந்த லாட்டில் வருஷக்கணக்காக ஓட்டுகிறவர்களே நிறுத்த மாட்டார்கள். சிக்னல் மஞ்சளாக மின்னியது. கார் பின்பக்கமாக, ஒரே மூச்சில், ஒரே வளைவில் உள்ளே போய், இரண்டு கோட்டுக்கு நடுவே, துணிக்குத் தையல் விட்ட மாதிரி நேராக நின்றது.

ஆறாம் மாடியில் ஒரு சத்தம் இல்லை, விலை குறைந்த நேரமாக இருந்தும்.

ராஜமோகன்தான் மெதுவாகக் கேட்டான். "பார்க்கிங்லதானே மூணு தடவையும் பெயில் ஆனாங்க?"

"ஆமா" என்றாள் புவனா.

"அப்ப இது எப்படி?"

புவனா அவனைப் பாவமாகப் பார்த்தாள். "இதுக்குத்தான் நான் உன்கூடச் சண்டை போடறேன்."

அம்மா கையிலிருந்த போனைப் பார்த்தாள். மாற்றவா, வேண்டாமா என்று அது இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. திரையை அணைத்து நைட்டிப் பையில் போட்டுக்கொண்டு, மக்சிக்கின் தட்டிலிருந்து ஒரு கொய்யை எடுத்து வாயில் போட்டாள்.

கீழே காரின் இரண்டு கண்ணாடிகளும் இறங்கின. அந்த அமைதியில், ஆறு மாடி உயரத்துக்கும் தெளிவாக, மாஸ்டரின் தொண்டை கேட்டது.

"க்ஹும்."

எல்லாரும் தாரிகாவைப் பார்த்தார்கள். அவள் அளவு நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடி, இல்லை, நான் இல்லை என்று தலையை ஆட்டினாள். அப்போது மக்சிக் கைப்பிடிச் சுவரில் எட்டி, முட்டியை வாய்க்குக் கொண்டுபோனாள். புவனா கொண்டுபோனாள், ராஜமோகன் கொண்டுபோனான், கொய் தின்ற கையோடு அம்மாவும் கொண்டுபோனாள், கீழ்மாடிக்காரர்களும் மேல்மாடிக்காரர்களும் கொண்டுபோனார்கள், புளோக் முழுவதும் ஒரே குரலில் கார்ப்பார்க்கை நோக்கிப் பதில் போட்டது.

"க்ஹும்!"

கீழே ஹாரன் ஒரு தரம் அடித்தது. அடித்தது அத்தை.